பூவாயி பள்ளிக்கூடம் போற வழி

— ரெங்கம்மா! இந்தப் பக்கத்து மலையிலை இண்டைக்கு ஒருதரும் கொழுந்து எடுக்கேல்லையே. நீங்கள் மட்டும் இஞ்ச என்ன செய்யிறியள்?

— ஐயோ, டீச்சரம்மாவா! மெதுவாப் பேசுங்க. குனிஞ்சுக்குங்க, பூவாயி பாத்துருவா.

— காது கேக்காத பிள்ளைக்கு நான் மெதுவாப் பேசினாலென்ன, பாட்டுப் பாடினாலென்ன?

— அதுவும் சரிதான். பழக்க தோசங்க. ஆனா அவளுக்குக் கழுகுக் கண்ணு. குனிங்க டீச்சரம்மா.

— என்ர சீலையெல்லாம் பனி. சரி, குனிஞ்சிட்டன். ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மகளுக்குப் பின்னாலை வாறனீங்களோ?

— பள்ளிக்கூடத்துல சேத்த நாள்லேருந்து. லயத்து வூட்டுலேருந்து தனியா வரட்டும்னு நீங்க சொல்லிட்டீங்க. பெத்த மனசு கேக்குமா? கங்காணி வூட்டு நாய் இருக்கு, ஓடை இருக்கு, அதுல ஒத்தப் பலகைதான் பாலம். தாண்டுனா லொறி ரோடு. அவ அந்தப் பக்கம் ஏறுற வரைக்கும் தேயிலைக்குள்ள பதுங்கிப் பதுங்கி வந்துட்டு, அப்புறம் மலைக்கு ஓடிருவேன்.

— வேலையை விட்டிட்டோ?

— காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கையில பேர் குடுத்துட்டு, பள்ளிக்கூட நேரத்துக்குக் கொழுந்து நெரைய வுட்டு நழுவிருவேன். எத்தினி நாளைக்கு மறைக்க முடியும்? அரைப் பேரு போட்டு அரை நாள் கூலிதான் குடுத்தாங்க. நேத்து வீரய்யா கங்காணி கறாராச் சொல்லிட்டாரு, இனி நகந்தா வேலையே கெடையாதுன்னு. அதான் டீச்சரம்மா... உங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. அவ படிப்ப இன்னையோட நிப்பாட்டிடுறேன். நாளையிலேருந்து புள்ளக் காம்பராவுல வுட்டுட்டுப் போறேன்.

— ஏழு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தையளோடையோ?

— ஆயா பாத்துக்கும். தொட்டில் ஆட்ட ஒத்தாசையா இருப்பா.

— அவள் தன்ர பேரை எழுதிறாள், ரெங்கம்மா.

— தெரியாதுங்களா? அடுப்புக்கரியால லயத்துச் செவுரு பூரா எழுதி வெச்சிருக்கா. படிக்கத் தெரியாத அவங்கப்பன், தெனம் அதத் தடவித் தடவிப் பாக்குறாரு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அங்க பாருங்க. நின்னுட்டா! நாயப் பாத்துப் பயந்துட்டா.

— பொறுங்கோ. ஓடாதேங்கோ.

— இந்தா, நடக்குறா. தெனம் இதே கததான். கொஞ்சம் போவா, நிப்பா, திரும்பிப் பாப்பா. வாங்க, நாம அந்தச் செடிக்கு நகந்துருவோம்.

— பலகையடிக்கு வந்திட்டாள்.

— அங்கயும் நிப்பா பாருங்க... நின்னுட்டாளா?

— போன திங்கக்கிழமை நீங்கள் வரேல்லை, என்ன?

— காய்ச்சல்ல படுத்துட்டேன். கருப்பம்மா மகன்கூட அனுப்புனேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போடான்னு சத்தியம் வாங்கிக்கிட்டு.

— அவர் கொய்யா மரத்திலை இருந்தவர். பூவாயி தனியத்தான் வந்தவள்.

— ஐயோ மாரியாத்தா!

— நான் பள்ளிக்கூட விறாந்தையிலை நிண்டு பாத்தனான். நாய் உறுமேக்கை, நான் செய்து காட்டின மாதிரிக் கல்லெடுக்கிறது போலக் குனிஞ்சாள். நாய் ஓடிட்டுது. பலகையிலை விறுவிறெண்டு வந்தாள். றோட்டடியிலை மதகுக் கல்லிலை கையை வைச்சாள்...

— அது எதுக்குங்க? சாமி கும்புடுறான்னுல்ல நெனச்சேன்!

— லொறி வந்தால் கல்லு அதிரும், உள்ளங்கையிலை தெரியும். அவளும் நானும் அந்த மதகிலை குந்தியிருந்து பழகினது. அண்டைக்கு ஹாலிஎல ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி ஏத்தின லொறி வந்தது. வளைவிலை அது தெரிய முதலே ஒதுங்கி நிண்டிட்டாள். அது போனாப் பிறகு ரெண்டு பக்கமும் பாத்துத்தான் கடந்தவள். வழியிலை ஒரு இடத்திலையும் திரும்பிப் பாக்கேல்லை.

— ஒத்தையிலயா வந்துச்சு என் தங்கம்... அப்ப நான் வர்ற அன்னைக்கு மட்டும் ஏன் நின்னு நின்னு போறா? நான் வர்றதுதான் அவளுக்குத் தெரியாதே. ஒரு நாளாச்சும் தலையத் தூக்கிருப்பேனா?

— தலை சரி. முதுகிலை என்ன?

— கொழுந்துக் கூடை.

— நீங்கள் குனியக் குனியக் கூடை மேலை எழும்புது. விறாந்தையிலை நிக்கிற எனக்கே தெரியுது. அதைக் கண்டுதானே நான் இஞ்ச ஏறி வந்தனான்.

— அட சனியன் புடிச்ச கூடையே! அப்ப அவளும்...

— அவளும் ஒவ்வொரு நாளும் காணுறாள். கூடை பிந்தினால் நிக்கிறாள். கிட்ட வந்தால் நடக்கிறாள்.

— பயத்துல நிக்கலையா?

— உங்களுக்காக நிக்கிறாள்.

— எனக்காகவா... அடி என் ஆத்தா! நாந்தான் அவள மறிச்சு வெச்சிருக்கேனா?

— அழாதேங்கோ. எழும்பி நிமிந்து நில்லுங்கோ. அவள் காண, ‘போ’ எண்டு கையைக் காட்டிப்போட்டு நீங்கள் மலைக்கு நடவுங்கோ. கங்காணி கேட்டால் லீலாதேவி டீச்சர் மறிச்சவ எண்டு சொல்லுங்கோ.

— இந்தா, நிமிந்துட்டேங்க, கையக் காட்டுறேன். போ ஆத்தா! போ! ...பாத்துட்டா! சிரிக்கிறா! பலகையில ஏறிட்டா டீச்சரம்மா... தாண்டிட்டா! கல்லுல கைய வெக்கிறா. இந்தப் பக்கம் பாக்குறா, அந்தப் பக்கம் பாக்குறா... ரோட்டத் தாண்டிட்டா!

— புள்ளக் காம்பராவோ, பள்ளிக்கூடமோ?

— கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கும் சிலேட்டக் குடுத்து லயத்து வாசல்லயே வுட்டுட்டு, நான் நெரைக்குப் போயிருவேன். வரேங்க.

— ஓம், நடவுங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்.

— ஏறிக்கிட்டே இருக்கேன்... பள்ளிக்கூடத்துக்குள்ள போயிட்டாளா?

— இல்லை. றோட்டுக்கு அங்காலை நிண்டு இஞ்ச பாக்கிறாள்.

— ஏங்க? இப்பவாச்சும் பயந்துட்டாளா?

— இல்லை, ரெங்கம்மா. நீங்கள் தனியப் போய்ச் சேருவியளோ எண்டு பாக்கிறாள். திரும்பிப் பாக்காமல் நடவுங்கோ, பிள்ளைக்குப் பள்ளிக்குப் பிந்தப் போகுது.