ஊதினால் பாஸ்

காலையில் எங்கள் தீவில், ஜங்லிகாட்டிலிருந்து ஹேடோ துறைமுகத்துக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு துறைமுகத் தொழிலாளர்கள். சளியால் மூக்கு சிவந்திருந்தவர் கிரேன் ஓட்டுபவர் போல. அவர் சொன்னதைக் கேட்டதும் என் காது தானாகவே நீண்டுவிட்டது.

“கேட்ல மெஷின்ல ஊதச் சொல்வாங்க மச்சான். பாஸாயிடுவேன். அதான் பயமா இருக்கு.”

“குடிக்காதவன் பாஸாகாம என்ன ஆவான்?”

“சளி மாத்திரை போட்டிருக்கேன். கண்ணு சொருகுது. அதை அந்த மெஷின் காட்டாதுல்ல?”

“காட்டாதுல்ல, அப்போ வாயை மூடிட்டு ஏறு. பர்மனென்ட் பண்ணப்போற நேரத்துல போய் ‘நீந்த் ஆதா ஹை’, தூக்கம் வருதுன்னு நின்னா, சூப்பர்வைசர் வேற ஆளைப் போட்டுருவான்.”

“போடட்டும். இன்னிக்கு நான் கிரேன்ல ஏறமாட்டேன்.”

“வந்துட்டாரு அரிச்சந்திரன்!”

“மெயின்லேண்ட் கப்பல்ல வந்த இரும்பைத் தூக்கணும்டா. கொக்கிக்குக் கீழ நின்னு கயிறு மாட்டப்போறது யாரு?”

“நான்தான்.”

பஸ் மேடேறி இறங்கியது. பிறகு நண்பர் கையை நீட்டினார்.

“போனைக் குடு. சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்றேன். உன் ஹிந்தியைக் கேட்டா, நீ குடிச்சிருக்கன்னே முடிவு பண்ணிருவான்.”