மூன்றாவது தட்டு

சுடுகிறார்கள். சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து நாற்பது. இராமேசுவரத்துக்குக் கிழக்கே கடல். அக்கரையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். இலங்கைக் கடற்படையின் ரோந்துப் படகு நெருங்குகிறது. பக்கத்துப் படகிலிருந்து கத்துகிறார்கள். "படுங்கடா! தலையத் தூக்காத! வலைய அறுத்து விட்டுட்டு ஓடு!"

எப்படி ஓடுவது? வலைக்கயிறு படகுக்கு அடியில், எஞ்சின் சுழற்றும் விசிறியில் சுற்றிக்கொண்டது. அறுக்க மச்சான் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். சேசு மச்சான். என் அக்கா ரோசலியின் வீட்டுக்காரர். மற்ற இருவரும் மீன் அறைக்குள் குதித்துவிட்டார்கள். எஞ்சின் பக்கத்தில் நான் மட்டும்.

எங்கள் படகில் ஒரு வழக்கம். கீழே போனவர் கயிற்றை அறுத்து, விசிறியை விட்டு விலகி, பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை தட்டுவார். மூன்றும் கேட்காமல் எவனும் எஞ்சினைத் தொடமாட்டான்.

டொக். டொக்.

இரண்டு கேட்டது. மச்சானின் கையா, பலகையில் பட்ட தோட்டாவா, இன்றுவரை தெரியாது. மூன்றாவது கேட்கவில்லை. அது நன்றாகத் தெரியும். எஞ்சினைப் போட்டேன். படகு ஓடியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உயிர்ப் பயம். வேறு நல்ல சொல் தேடாதீர்கள்.

கரையில் அக்கா நின்றாள். "மச்சானச் சுட்டுட்டாங்கக்கா" என்றேன். படகில் ஏழு ஓட்டைகள். யார் சந்தேகப்படுவார்? உடல் கிடைக்கவில்லை. காலிச் சவப்பெட்டியை வைத்துப் பூசை செய்தோம். ஊரே அக்கரைக்காரனைத் திட்டியது. நானும் திட்டினேன். எல்லாரையும்விட உரக்கத் திட்டினேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனிதன்.

பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. இப்போது சென்னைக்குப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் காவல். காலையில் பஸ்ஸிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். சுடுவான் என்று பயந்து பெற்றவர்கள் கடலுக்கு அனுப்பாத பிள்ளைகள். அக்கா வல்லக்கோட்டையில் என்னோடு இருந்தாள். ஹாஸ்டலில் சமையல். "எனக்காகக் கல்யாணமே பண்ணிக்கலயே எந்தம்பி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

போன மாதம் மணிமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். இலங்கையின் உள்நாட்டுப் போர் இந்தக் கரையை என்ன செய்தது என்று வரலாறு எழுதுகிறார். காகிதத்தைக் காட்டினார். "உங்க மச்சான் பேருக்கு நேரா 'சுட்டுக் கொல்லப்பட்டார்'னு போட்டுகினு இருக்கேண்ணே. கரெக்டா?"

அக்கா டீ கொண்டுவந்தாள். நான் தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் இத்தனை நாள் பொய் என் வாயில்தான் இருந்தது. இனி அச்சில் ஏறும். நான் செத்த பிறகும் பிள்ளைகள் படிக்கும்.

"அடிச்சிருங்க டீச்சர். நாந்தான் விட்டுட்டு வந்தேன்."

எல்லாம் சொன்னேன். அக்கா ஒன்றுதான் கேட்டாள். "அப்ப உசுரோடயா இருந்தாரு?"

"தெரியலக்கா."

நேற்று ஆசிரியை போனில் இழப்புகளைக் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள், டீச்சர். வலை ஒன்று. படகு ஒன்று, விற்றுவிட்டோம். ஆள் ஒருவர், சேசு, வயது முப்பத்தொன்று. அவர்கள் சுட்டது உண்மை. விட்டு வந்தவன் நான். அக்கா மறுநாளே துணிமணியோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இருபது நாளாகிறது. அவளையும் சேர்த்து எழுதுங்கள்.