உள்ளே ஒன்றுமில்லாத கேமரா

எனக்குச் சின்னதாக ஒரு கேமரா வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டார்: "சம்பளம் கேளு, லீவு கேளு, சண்டகூடப் போடு. கேமராவ மாத்தணும்னு மட்டும் வாயத் திறக்காத." இதோ, மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாரே, அவர்தான் ஸ்டூடியோ முதலாளி. ஊருக்கே அண்ணன். அவரை முறைக்காதீர்கள், அக்கா. அவருக்கு ஒன்றும் தெரியாது. உட்காருங்கள். உங்கள் கல்யாண ஆல்பத்தில் உங்கள் அம்மா எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அந்தப் பெரிய கேமராவைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? கைக்குழந்தை கனம். குழந்தையாவது வளர்ந்தால் இறங்கி நடக்கும். கல்யாணங்களுக்கு வேனில் போகும்போது அதற்குத்தான் முன்ஸீட். சீட் பெல்ட் உண்டு. நான் பின்னால், விளக்குக் கம்பிகளோடு கம்பியாக. மழை வந்தால் குடை அதற்கு. கழுத்தெலும்பு தேய்கிறது என்று டாக்டர் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். "டிகிரி படிச்ச பொண்ணு, இதக்கூடத் தாங்க மாட்டியா?" என்றார். டிகிரிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால் பெரிதைக் கொண்டுபோய்ப் பழைய கேமராக் கடையில் மாற்றிவிட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் பூனையக் குடுத்துட்டு யானை கேப்பாங்க. நீ என்னம்மா தலைகீழா வர்ற?" உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றைக் கொடுத்தார். கூடவே, கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்திருந்த பெரிய கேமரா ஒன்றையும் கேட்டு வாங்கினேன். அச்சு அசல் எங்களுடையது மாதிரியே இருந்தது. உள்ளே மட்டும் எதுவும் கிடையாது. உதிரி பாகங்களுக்காக எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார்கள். வெறும் கூடு. அதை வேனின் முன்ஸீட்டில் உட்கார வைத்தேன். அண்ணன் பெல்ட்டை மாட்டிவிட்டார். கனம் குறைந்தது அவருக்குத் தெரியவில்லை. தூக்கினால்தானே தெரியும்.

என் எண்ணம் முதலில் நேர்மையானது. கூடு பாட்டுக்குக் கழுத்தில் தொங்கட்டும், படத்தைச் சின்னதில் எடுப்போம் என்றிருந்தேன். விட்டார்களா? முதல் கல்யாணத்தில் சின்னதை வெளியே எடுத்ததுமே மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "பொம்மைய உள்ள வைம்மா. கழுத்துல அவ்ளோ பெருசு தொங்குது, அதுல எடு" என்றார். சரி என்று பெரிதைத் தூக்கினேன். மேலே மாட்டிய ஃபிளாஷுக்குத் தனி பேட்டரி. அது பளிச்சென்று மின்னியது. மொத்தக் குடும்பமும் பல்லைக் காட்டியது. "இதுதான்மா போட்டோ" என்றார் சித்தப்பா. அன்றைக்கு முழுவதும் அதிலேயே எடுத்தேன். அதாவது, எடுக்கவில்லை.

ஆல்பம் தயாரித்தது அதைவிடச் சுலபம். திருத்தாத படத்தை வெளியாள் கண்ணில் காட்டக்கூடாது என்பது இந்த ஸ்டூடியோவின் சட்டம். கிழவர் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. கண்ணைப் பெரிதாக்கு, தாடையை ஒல்லியாக்கு, பின்னால் மங்கலாகச் சில விளக்குப் புள்ளிகளைத் தூவு. அந்தக் கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில்தான். டிகிரி படித்தவள் ஆயிற்றே. பழைய கல்யாணமெல்லாம் அதிலேயே கிடந்தது. ஒன்றை எடுத்து, உடுப்பின் நிறத்தை மாற்றி, அந்தச் சித்தப்பாவின் கல்யாண வீட்டுக்குக் கொடுத்தேன். கையும் களவுமாகப் பிடிபடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பெண்ணின் அம்மா ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "எம் பொண்ணு அப்படியே விழுந்திருக்கா" என்று கண்ணைத் துடைத்தார். பெற்றவளே சொன்னபிறகு நான் யார் மறுத்துப் பேச?

உங்கள் கணவரும் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஜிம்முக்குப் போனது வீண் போகல" என்றார். ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புஜங்கள் ஒரு பல் டாக்டருடையவை.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான். பட்டமளிப்பு விழாவில் ஒருவர் இதைவிடப் பெரிய கேமராவோடு வந்து எங்களையெல்லாம் எடுத்தார். சட்டம் போட்டு வீட்டுக்கு வந்த படத்தில், அங்கியும் தொப்பியுமாக யாரோ ஒருத்தி நின்றாள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா ஆணி தேடப் போய்விட்டார். "படிச்சதும் மூஞ்சில என்ன களை வந்திருக்கு பாருங்களேன்" என்று அப்பாவிடம் காட்டினார். அப்பா தலையாட்டிக்கொண்டே ஆணியை அடித்தார். அவள் இன்னும் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டுகிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்கிறேன்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். கல்யாணத்தன்று அவர் மேடைப் பக்கமே வரவில்லை. யாரும் கூப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை. சமையலறைப் பின்வாசலில், தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் சின்ன கேமராவை எடுத்தேன். "இந்தத் துளியூண்டு பொட்டிக்குள்ள நான் எப்படிம்மா அடங்குவேன்?" என்று வாய் நிறையச் சாப்பாட்டோடு சிரித்தார். அடங்கினார். எல்லாக் கல்யாணத்திலும் அப்படிப் பின்னால் நின்று சாப்பிடுகிற ஆட்களைத்தான் நான் சின்னதில் எடுத்தேன். அவர்கள் யாரும் பெரியது வேண்டும் என்று கேட்டதில்லை.

அம்மா போனபிறகு, சுவரில் மாட்ட ஒரு முகத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னீர்கள். ஆல்பத்தில் விரலை வைத்துக் காட்டியது நீங்கள், அக்கா. நான் காட்டவில்லை. 'மறைந்தும் மறையாத அன்னை' என்று கீழே எழுதச் சொன்னதும் நீங்கள்தான். அதன் முன்னால் நின்று தினமும் அழுதிருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் பேச வந்த அம்மாள் தன் முகத்தையே உங்கள் சுவரில் பார்த்து மயங்கி விழாமல் இருந்திருந்தால், இன்றைக்கும் அழுதிருப்பீர்கள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர் கேட்டது, "நான் எப்போ போனேன்?" என்பதாம். அவர் பதறியதற்காக வருந்துகிறேன். மற்றபடி யாருக்கு என்ன நஷ்டம்? உங்கள் கண்ணீரில் உப்புக் குறைந்ததா?

"எங்கம்மாவோட நெசமான படம் ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்" என்று நேற்று போனில் கதறினீர்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. சின்னதில் எடுத்த படங்களில் சிலவற்றை, துளிகூடத் திருத்தாமல் அனுப்பினேன். "சமையலுக்கு வந்தவங்க போட்டோ எல்லாம் எனக்கெதுக்கு? இதுல எங்கம்மா இல்ல" என்று பதில் போட்டீர்கள்.

அதில் ஒருவர் உங்கள் அம்மா.

அப்படிப் பார்க்காதீர்கள். யார் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும். என்னை நம்பி இதுவரை என்னத்தைக் கண்டீர்கள்?

அண்ணன் ஏதோ முனகுகிறார். சின்னதையே வைத்துக்கொள்ளம்மா, புகார் கிகார் என்று போகாமல் இருந்தால் போதும் என்கிறார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சின்னது இதோ மேஜைமேல் இருக்கிறது, அக்கா. அது உங்களுக்கு. நின்று சாப்பிடுகிற எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், நிதானமாகத் தேடுங்கள். பெரிதை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கு ஒரு கல்யாணம், சொந்தமாக ஒப்புக்கொண்டாயிற்று. உள்ளே ஒன்றுமில்லாததால் கழுத்தும் இப்போது வலிப்பதில்லை.

வாசலில் உங்கள் கணவர் நிற்கிறார். என்னை அறையத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். இப்போது பாருங்கள், இது என் கழுத்தில் ஏறியதும் மடித்ததை இறக்கிவிட்டுக் காலரைச் சரிசெய்கிறார். நான் இன்றுவரை ஒருவரையும் ஏமாற்றியதில்லை, அக்கா.

கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க, சார். அப்படியே நில்லுங்க. சிரிங்க.

ரொம்ப நல்லா விழுந்திருக்கீங்க. இப்ப வழிய விடுங்க.