பஹரி மொட்டைமாடியில் பதினான்கு வீட்டு இணையக் கம்பிகளை வெட்டியது பற்றி

பெயர் அவாதிஃப், வயது நாற்பத்தாறு, அலெக்சாந்திரியா, பஹரி, மீன்சந்தைக்குப் பின்தெரு. தொழில் ஈரல் ரொட்டி விற்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. நான் சொல்லச்சொல்ல காவல் ஆய்வாளர் எழுதுகிறார்.

எங்கள் மொட்டைமாடியில் ஃபத்ஹுல்லா என்பவர் பெட்டி வைத்து, பதினான்கு வீடுகளுக்குக் கம்பி இழுத்து இணையம் தருகிறார். இன்று காலை எங்கள் வீட்டுக் கம்பியின் நுனியை எலி கடித்துவிட்டது. என் மகள் நெர்மீன் நர்ஸ் படித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருக்கிறாள். இன்று நாலு மணிக்கு மஸ்கட் மருத்துவமனைக்காரர்கள் கணினியில் அவளிடம் பேசி ஆள் எடுப்பதாக இருந்தது. காலையிலேயே வெள்ளை முக்காட்டை இஸ்திரி போட்டுக் கட்டி உட்கார்ந்துவிட்டாள். ஃபத்ஹுல்லா தமன்ஹூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், போனை அணைத்திருந்தார். அதன் பிறகு பக்கத்துத் தெரு கம்பிக்காரர் ஷெனூடாவைக் கூப்பிட்டேன். அவர் கம்பி நுனியில் செருகுகிற புதுத் தலை பொருத்தியும் இணைய விளக்கு எரியவில்லை.

"உள்ள எட்டு நிறக் கம்பிக்கா. ஊர் உலகமெல்லாம் கோக்கிற வரிசைன்னு ஒண்ணு இருக்கு. இவன் தன் இஷ்டத்துக்குக் கோத்திருக்கான், வேற எவனும் கை வைக்கக்கூடாதுன்னு" என்றார்.

"இவன்கூட எப்படித்தான் அந்தப் பொம்பளை குடும்பம் நடத்துறாளோ" என்றேன்.

அதன் பிறகு மாடிக்குப் போனோம். வரிசை தெரியாதபடி தலைகளுக்கெல்லாம் தார் பூசியிருந்தார். மேல் நுனியையும் வெட்டிப் பொதுவரிசையில் மாற்றினால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு ஷெனூடா சாமான் எடுக்க இறங்கினார். எங்கள் கம்பி எது என்று அடையாளம் இல்லாததால் ஈரல் நறுக்கும் கத்தியால் பதினான்கையும் வெட்டினேன்.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்தார். "ஒண்ணொண்ணா இழுத்துப் பாத்திருப்பேனேக்கா!"

"பொறுமை இருந்தா நான் தூண்டில் போடப் போயிருப்பேனே."

அதன் பிறகு அவர் மூன்று கம்பிகளுக்குத் தலை போட்டு முடிப்பதற்குள், ஊர் திரும்பிய ஃபத்ஹுல்லா தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடீ!" என்றார். "நாளைக்கு நீ செத்தா, பதினாலு வீடும் உன் குழியில வந்து வரிசை கேக்கணுமா?" என்றேன். அதன் பிறகு என்னை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மூன்றில் எங்களுடையது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

நாலேகாலுக்கு ஆய்வாளர் வீட்டுக்குப் போன் பேச விட்டார். நெர்மீன் எடுக்காமல் வெட்டினாள். மறுபடி அடித்தேன், மறுபடி வெட்டினாள். அம்மா போனை வெட்டுகிற பெண் இல்லை அவள். மஸ்கட்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இனி என்மேல் எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவாதிஃப், இடது பெருவிரல் ரேகை.