நல்ல நாளில் போன நாய்கள்

நாய்க்கு நகம் வெட்டுவதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான வேலை. வயிற்றைக் கிழித்துத் தைப்பதைக்கூட அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடலாம். நகத்தை ஒரு நூலளவு தள்ளி வெட்டினால் ரத்தம் வந்துவிடும். அப்புறம் அந்த நாய் ஆயுசுக்கும் நம்மை நம்பாது. இருபத்திரண்டு வருஷத்தில் என் மேசைமேல் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த நாய் ஒன்றுகூட இல்லை. விசாரணை அதிகாரி மேடம் இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

வயதான நாய் வைத்திருப்பவர்களிடம் நான் ஒரு தாள் கொடுப்பதுண்டு. சாப்பிடுகிறதா, எழுந்து நடக்கிறதா, வலியில்லாமல் தூங்குகிறதா, சுத்தமாக இருக்கிறதா, ஆள் வந்தால் வாலாட்டுகிறதா. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தம் இருபதுக்குக் கீழே போனால், இனி இழுத்தடிக்க வேண்டாம், ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவைக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். பிரச்சினை என்னவென்றால், யாரும் உண்மையான மார்க் போடுவதில்லை. மூன்று வாரமாக மூத்திரத்திலேயே கிடந்த நாய்க்குச் சுத்தத்தில் எட்டுப் போட்டிருந்தார் ஒரு பேராசிரியர். கேட்டால், "மனசு வரல டாக்டர்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளை அவர் முகத்திலேயே விட்டெறிந்திருப்பேன். செய்யவில்லை. நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை.

அன்றைக்குத்தான் யோசித்தேன். நாய் எத்தனை வருஷம் இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி இருந்தது என்று யார் கேட்கிறார்கள்? பதினான்கு வருஷம் இருந்தது என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். கடைசி இரண்டு வருஷம் அது பட்ட பாட்டை வாயே திறப்பதில்லை. மார்க் இருபதுக்கு இறங்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? நாற்பத்தைந்தில் இருக்கும்போதே, ஓடியாடி, வயிறாரச் சாப்பிட்டு, ஒரு நல்ல நாளில் போய்விட்டால் அதற்கு என்ன குறை?

ஆனால் ஆரோக்கியமான நாயை அனுப்பிவைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் ஒரு நோய் தேவைப்பட்டது. மண்ணீரல் கட்டி ரொம்பத் தோதானது. நேற்றுவரை துள்ளிக் குதித்த நாய்க்கும் அது இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று உள்ளேயே வெடித்து ரத்தம் கொட்டும். உண்மையிலேயே அந்தக் கட்டியோடு வந்த ஒரு நாயின் ஸ்கேன் படம் என் கணினியில் இருந்தது. எட்டு வயது தாண்டிய நாய் வருஷத் தடுப்பூசிக்கு வரும்போது, எதற்கும் வயிற்றை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்பேன். கருவியை மேலாக வைத்து நகர்த்திவிட்டு, திரையில் அந்தப் பழைய படத்தைக் காட்டுவேன்.

"நேத்துகூட பந்தைத் தூக்கிட்டு ஓடி வந்துச்சே, டாக்டர்."

"அந்த ஞாபகத்தோடயே அனுப்பி வைங்கம்மா. வெடிச்சதுக்கப்புறம் நீங்க அதைப் பாக்கக் கூடாது."

அவர்கள் அழுவார்கள். நானும் அழுவேன், அதில் நடிப்பு இல்லை மேடம். நாய் என் கையால் ஒரு பிஸ்கட் வாங்கித் தின்று, என் புறங்கையை நக்கிக்கொண்டிருக்கும்போதே மருந்து ஏறிவிடும். மூன்று வருஷத்தில் பத்தொன்பது நாய்கள். எதற்கும் வலி கிடையாது. சராசரி மார்க் நாற்பத்து நான்கு. நன்றி சொல்லி அவர்கள் அனுப்பிய அட்டைகளை என் அறைச் சுவரில் நீங்களே பார்த்தீர்கள்.

இருபதாவதுதான் பட்டன். தையல்காரம்மாவின் நாய், ஒன்பது வயது, நல்ல புஷ்டி. அந்த அம்மாள் மற்றவர்களைப் போல உடனே அழவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"மண்ணீரல்னா இடது பக்கம் இருக்கிறதுதானே, டாக்டர்?"

"ஆமாம்மா."

"அதை எடுத்து எட்டு வருஷமாச்சே."

குட்டியாக இருந்தபோது வண்டியில் அடிபட்டு, வேறு ஊரில் வேறு டாக்டர் மண்ணீரலையே எடுத்துவிட்டாராம். பட்டனை மல்லாத்தி, வயிற்று முடியை விலக்கித் தழும்பைக் காட்டினார். பதினாறு தையல், தையலே தொழில் என்பதால் எண்ணி வைத்திருந்தார். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் வயிற்று முடியை மழிக்க வேண்டும். மழித்திருந்தால் தழும்பை நானே பார்த்திருப்பேன். உள்ளே பார்க்க வேண்டிய அவசியமே இல்லாததால் நான் மழிப்பதில்லை. அது கவனக்குறைவுதான், அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மாள் பட்டனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இன்னும் நாலைந்து வருஷத்தில் பட்டனுக்கு இடுப்பு விழும், கண் போகும். அப்போது என்னை நினைத்துக்கொள்வார்.

பத்தொன்பது நாய்களும் நோயில்லாமல்தான் இருந்தனவா என்று கேட்டீர்கள். ஆமாம். நோய் வருவதற்கு முன்னால் என்பதுதானே விஷயமே. கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்காக நான் மல்லுக்கு நிற்கப்போவதில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு உதவி. என் வீட்டில் துரை என்று ஒரு நாய் இருக்கிறது. பதினேழு வயது. நாலு மாதமாக எழுந்திருக்கவில்லை, கண் தெரியாது, உடம்பெல்லாம் படுக்கைப் புண். தண்ணீரைக் கரண்டியால்தான் ஊற்ற வேண்டும். பாதி வெளியே வந்துவிடும். என் மனைவி தினமும் அழுகிறாள். "அது படுறது பாக்க முடியலைங்க. ஊர் நாய்க்கெல்லாம் போடுறீங்க, இதுக்கும் போட்டுடுங்களேன்" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? நேற்று என் குரல் கேட்டு ஒரு காதை அசைத்தது. நான் இங்கே இருக்கிற சமயம் பார்த்து அவள் வேறு டாக்டரைக் கூப்பிட்டுவிடாதபடி நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். துரைக்கு இன்னும் நேரம் வரவில்லை மேடம். இத்தனை நாய்களை அனுப்பிவைத்தவனுக்கு அதுகூடத் தெரியாதா?