கவனம் இல்லையாம் எனக்கு!

...எனக்கு, சார், எனக்கு! கவனம் இல்லையாம்! தலை நரைக்கிற வரைக்கும் டாக்சி ஓட்டியாச்சு, கையும் காலும் முழுசா இருக்கு, வண்டியும் முழுசா இருக்கு... சரி, முன்னாடி பம்பர் கொஞ்சம் தொங்குது, அது வேற கதை. என்னப் பாத்து ஆபீஸ் மேடம் சொல்றாங்க, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா, சாவிய மேசை மேல வெச்சுட்டு நடையக் கட்டு"ன்னு. நடையக் கட்டிட்டு எங்க போறது? இந்த வயசுல எனக்கு வேற என்ன வேல தெரியும்? நீங்களே சொல்லுங்க... சொல்ல வேணாம், நீங்க பாட்டுக்கு ஹாயா சாஞ்சு உக்காருங்க. ஸ்டேஷன் வரைக்கும் நான் பாத்துக்கறேன்.

இன்னிக்குக் கிளம்புன அழகப் பாத்தீங்கல்ல? நீங்க பெட்டியோட வாசலுக்கு வந்தீங்க. வாங்கி டிக்கில வெச்சேன். நீங்க ஏதோ சொன்னீங்க, நானும் தலையாட்டுனேன். அந்த நேரம் பாத்து எதிர் வீட்டு மாடில ஒருத்தர் போர்வைய உதறுறாரு சார், உள்ளேர்ந்து ஒரு ஷூ விழுது! ஒத்த ஷூ! போர்வைக்குள்ள ஷூவுக்கு என்ன வேல? ஆனா நான் அதுலயே நின்னுடல. வந்தேன், உக்காந்தேன், டப்புன்னு கதவு சத்தம் கேட்டுச்சு, எடுத்தேன் வண்டிய. ஒரு நொடி வீணாகல. இதுக்குப் பேரு என்ன சார்? கவனம்!

போன் அடிக்குது பாருங்க. யாரோ புது நம்பரு. எடுக்க மாட்டேன் சார். அடிக்கட்டும். ஏன்னு கேளுங்க.

வீட்டுக்காரி என்ன டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போயிட்டா. இந்தக் கவனக் குறைபாடு சின்னப் பசங்களுக்கு மட்டும் வர்றதுன்னு எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருக்கோமாம், பெரியவங்களுக்கும் உண்டாம். "திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, மனசு ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது, அவ்வளவுதான்"னாரு. கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். திமிரு திமிருன்னு திட்டு வாங்கியே வளந்தவன் நான். ஒருத்தர் வாயால இல்லேன்னு கேக்க இவ்வளவு வருஷம் ஆயிருக்கு. அப்புறம் அவரு, "இதுக்கு நீங்க முக்கியமா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க... அவரு தலைக்கு மேல ஒரு ஃபேன் சார். மூணு ரெக்கையில ஒண்ணு மட்டும் வேற கலரு! எப்படி வந்திருக்கும்? ஒடஞ்ச ரெண்டு ஃபேன ஒண்ணாச் சேத்திருப்பாங்களோ? அப்ப மிச்சம் இருந்த ரெக்கையெல்லாம் எங்க போச்சு? நான் ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள டாக்டர் "புரிஞ்சுதா?"ன்னாரு. புரிஞ்சுதுன்னுட்டேன். வீட்டுக்காரி வேற வெளிய உக்காந்திருந்தா. அந்த ஒண்ணு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சார்.

அதனால வீட்டுக்காரியே ரூலு போட்டுட்டா. சவாரி முடியற வரைக்கும் போனத் தொடக் கூடாது. பேசும்போது பின்னாடி திரும்பக் கூடாது. உள்ள இருக்கே இந்தக் கண்ணாடி, இதையும் அவதான் மேல பாக்கத் திருப்பி விட்டா. ஏன்னா பின்னாடி உக்காந்திருக்கிறவங்க மூஞ்சி தெரிஞ்சா போச்சு! இது யாரு மூக்கு மாதிரி இருக்கு, ஆங், எங்க சின்ன மாமா மூக்கு, சின்ன மாமா நம்ம ஏணிய வாங்கிட்டுப் போனாரே, திருப்பிக் குடுத்தாரா... அதுக்குள்ள பழ வண்டி மேல போய் மோதியாச்சு. பம்பர்னேனே, அதுதான். இப்ப பாருங்க, வண்டிக் கூரைதான் தெரியுது. கூரையில ஒரு கறை இருக்கு சார், அச்சு அசல் ஆமை... இல்ல இல்ல, நான் ரோட்டத்தான் பாக்கறேன்.

ஏசி குளிருதா? வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்க, நானே கொறைக்கறேன்.

அந்தப் புகாரு கதையக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஒருநா வீட்டுக்காரி உப்பு வாங்கிட்டு வரச் சொன்னா. ஒரே ஒரு பாக்கெட்டு. போற வழியில ஒரு நாய்க்குட்டி சார், ஒரு காது நிமிந்து, ஒரு காது மடங்கி! வீட்டுக்கு வந்து பாக்கறேன், கையில நாய்க்குட்டி இருக்கு, உப்பு இல்ல. "உப்பு எங்க?"ன்னா. சமாளிக்கணுமேன்னு "இதுதான் உப்பு"ன்னு சொல்லித் தொலைச்சேன். அந்தப் பேரே நெலைச்சுப் போச்சு. இப்ப வாசல்ல நின்னு "உப்பு, உப்பு"ன்னு கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்காரங்க கிண்ணத்தோட வந்துடறாங்க.

அன்னிக்கு மறுபடி கடைக்குக் கிளம்பறதுக்குள்ள சவாரி வந்துடுச்சு. ஒரு டீச்சரம்மா, லைப்ரரிக்குப் போகணும்னாங்க. வண்டிய எடுத்தேன். மனசு பூரா நாய்க்குட்டிக்குப் பால் வெச்சோமா வெக்கலியான்னு ஒரே யோசன. நிறுத்துன எடத்தப் பாத்தா... எங்க வீட்டு வாசல்! "இதுவா லைப்ரரி?"ங்கறாங்க அவங்க. சாப்பாட்டு நேரம் வேற. வீட்டுக்காரி வாங்க வாங்கன்னு உள்ள கூப்பிட்டுத் தட்டு வெச்சுப் பரிமாறிட்டா. அவங்களும் நல்லாத்தான் சாப்பிட்டாங்க. மறுநாள் புகாரு! வழி தப்புனதுக்கு இல்ல சார்... சாப்பாட்டுல உப்பே இல்லேன்னு!

அடடா, திரும்ப வேண்டிய எடம்... பரவால்ல, அடுத்ததுல திரும்பிக்கலாம். ரயிலுக்குத்தான் இன்னும் நெறைய நேரம் இருக்கே. உங்களப் போல எல்லாரும் முன்கூட்டியே கிளம்புனா எங்க பொழப்பு எவ்வளவு நிம்மதியா இருக்கும்!

மறுபடி அதே நம்பரு. விட மாட்டேங்கறான் பாருங்க. யாரோ வேல வெட்டி இல்லாதவன். பெருசா கடன் தரேம்பான், இல்லேன்னா குலுக்கல்ல காரு விழுந்திருக்கும்பான். அடிச்சிக்கிட்டே கெட.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மத்தவங்களெல்லாம் ஏறி உக்காந்த ஒடனே காதுல எதையாவது மாட்டிக்குவாங்க, இல்லேன்னா "கொஞ்சம் பேசாம ஓட்டுங்க"ம்பாங்க. எங்க வீட்டுலயே நான் பேச ஆரம்பிச்சா ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிடுவாங்க. உப்பு உள்பட! நீங்கதான் சார், ஒரு வார்த்த குறுக்க பேசாம, சலிச்சுக்காம, இவ்வளவு நேரம் என்னக் கேட்டிருக்கீங்க. எனக்கு இது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியாது. நெசமா சொல்றேன், மனசு நெறஞ்சிருக்கு.

இதோ, ஸ்டேஷன் வந்தாச்சு! சொன்னேன்ல? பத்திரமா, ஒரு குறையும் இல்லாம கொண்டாந்து சேத்தாச்சு. இந்த ஒரு சவாரி போதும், மேடம் இனிமே வாயத் தொறக்க முடியாது. வண்டி நின்னாச்சு, இப்ப நான் திரும்பலாம்...

சார்?

சார்! குனிஞ்சு எதாவது தேடறீங்களா? சார்...

அய்யய்யோ! ஆளக் காணோம்! சிக்னல்ல எறங்கிட்டாரா? பெட்டியக்கூட வேணாம்னு விட்டுட்டா? அவ்வளவு மோசமாவா பேசிட்டேன்? போச்சு... மேடம், மேசை, சாவி, எல்லாம் போச்சு. அப்ப இவ்வளவு பொறுமையா என்னக் கேட்டது யாரு? காலி சீட்டா?

தோ, திரும்ப அடிக்குது. இருக்கற கடுப்புல இவன இன்னிக்கு ஒரு வழி பண்றேன்... ஹலோ! யாருய்யா நீ?... சார்! நீங்களா! எங்க சார் இருக்கீங்க?... வீட்டுலயா?... கேஸ் அடுப்ப மூடினோமான்னு பாக்க உள்ள போனீங்க... ஆமா, சொல்லிட்டுத்தான் போனீங்க, நான்கூட தலையாட்டுனேனே... அப்ப அந்த டப்புன்னு சத்தம், உங்க வீட்டுக் கதவா... ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க.

மூடித்தான் இருந்துச்சா? நல்லது. அப்புறம்?... ஜன்னலோரம் செடி வாடியிருந்துச்சு, தண்ணி ஊத்தப் போனீங்க... ஊத்தும்போது அலமாரில பழைய போட்டோ ஆல்பம் கண்ணுல பட்டுச்சு... அப்படியே தரையில உக்காந்துட்டீங்களா! சார்... சார், நீங்களும் நம்ம ஆளா!

மன்னிப்பா? என்கிட்டயா? இவ்வளவு நேரம் வெயில்ல காக்க வெச்சுட்டீங்களா... அட, அப்படியெல்லாம் பேசாதீங்க. அந்த மனசு எழுந்து போற அவஸ்தை எனக்குத் தெரியாதா? நான் எங்க போயிடப் போறேன், இங்கதான் நிக்கறேன்... ஜன்னல் வழியா எட்டிப் பாக்கவா? வேணாம் வேணாம்! நெழலுக்காக வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கேன். நீங்க ஆல்பத்த முழுசாப் பாத்து முடிங்க. மெதுவா. எல்லாச் செடிக்கும் தண்ணி ஊத்துங்க... என்ன சத்தமா? ரயில் ஊதற மாதிரியா? வண்டி ரேடியோ சார் அது.

என்னது... மேடத்துக்குப் பாராட்டி எழுதப் போறீங்களா? இப்படிப் பொறுமையா நிக்கற டிரைவரப் பாத்ததே இல்லேன்னா?... எழுதுங்க சார், கண்டிப்பா எழுதுங்க, இப்பவே உக்காந்து நிதானமா எழுதுங்க.

ஒரே ஒரு சின்ன சந்தேகம். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நான் இப்ப நிக்கறேனே, உங்க வீட்டு வாசல்... இது எந்தத் தெரு சார்?