உங்கட பதிவைப் பற்றித்தான் வந்தனான்

இல்லை, இல்லை, அடையாள அட்டை வேண்டாம் தங்கச்சி. உள்ள கொண்டுபோய் வையுங்கோ. நான் இன்னும் ஒண்டுமே கேக்கேல்லையே. ஓம், போன மாசம் வந்த அதே ஆள்தான், கிருசாந்தன், மருந்தடிக்கிற மெசின் கொம்பனி. நாயைக் கட்டவேண்டாம், அது பேசாமத்தான் படுத்திருக்கு.

கதிரை என்னத்துக்கு... சரி, சரி, இருக்கிறன். உங்கட மனிசன், யோகநாதன் அண்ணை எங்க? உள்ள படுத்திருக்கிறாரோ? எழுப்பாதேங்கோ. முதுகு எப்பிடி இப்ப? இன்னும் குப்புறத்தான் படுக்கிறாரோ? ம். அப்ப வயலை ஆர் பாக்கினம்? தமையனோ? அவர் எங்க இருக்கிறவர்? ஐயோ, சும்மா கேட்டனான். நான் எழுதேல்லைப் பாருங்கோ, கையில பேனையும் இல்லை. என்ர வாய் உப்பிடிப் பழகிப்போச்சு.

உங்கட பதிவைப் பற்றித்தான் வந்தனான். தெரியும், அழிச்சுப்போட்டியள். அண்டைக்கு நான் இங்க இருந்து வெளிக்கிட்டு முரசுமோட்டைச் சந்தி தாண்டேல்லை, அதுக்குள்ள அழிச்சிட்டியள். நான் அழிக்கச் சொன்னனானே? சொல்லுங்கோ. ஒரு சொல்லுச் சொன்னனானே? அதுதான். நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை.

நீங்கள் அண்ணையின்ர முதுகைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்டு, முதுகில காவிக்கொண்டு நிக்கேக்கையே பற்றறி வெடிச்சது, ஒருத்தரும் உந்த மெசினை வாங்காதேங்கோ எண்டு எழுதினியள். இரண்டு நிமிசத்தில கொம்பனி பதில் போட்டுது, என்ன? உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனம் வருந்துகிறோம், தொலைபேசி இலக்கத்தை இன்பொக்ஸில் அனுப்புங்கள். கீழ ஒரு கும்பிடுற கை. அது கொழும்பில இருக்கிற ஒரு பிள்ளை போடுறது. முதுகு எரிஞ்சவனுக்கும் அந்த வசனந்தான், மூடி உடைஞ்சவனுக்கும் அந்த வசனந்தான். நீங்கள் இலக்கத்தோட ஊர், ஒழுங்கை, மில்லுக்குப் பக்கத்து வீடு எண்டு எல்லாத்தையும் ஊர் உலகம் பாக்கிற இடத்திலயே எழுதிவிட்டியள். எங்கட சனம் முழுக்க உப்பிடித்தான். ஆர் கேட்டாலும் குடுத்துப் பழகின சனம்.

அது நேர என்ர போனுக்கு வரும். நான் பைலைத் தூக்கிக்கொண்டு வருவன். வந்து என்ன கேட்டனான்? முழுப் பேர். அடையாள அட்டை இலக்கம். வீட்டில எத்தினை பேர். இடம்பெயர்ந்து எந்த முகாமில இருந்தனீங்கள். எந்த வருசம் திரும்பி வந்தனீங்கள். பற்றறி வெடிச்சதுக்கு முகாம் என்னத்துக்குத் தங்கச்சி? நீங்கள் கேக்கேல்லை. விசுவமடுவில மட்டும் பதினேழு வீடு ஏறி இறங்கியிருக்கிறன். ஒரு வீட்டிலயாவது, உது ஏன் உமக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

கொம்பனி எழுதித் தந்த கேள்வியள் எண்டு நினைச்சியளோ? இல்லை. என்ர மண்டையில வந்தது. உதுகளை முகாமிலயும் செக்பொயின்ரிலயும் என்னட்டை எத்தினை பேர் கேட்டவை, எத்தினை தரம் கேட்டவை! அப்பிடிக் கேட்டால் சனம் பயந்து அடங்கிப்போகும் எண்டு எனக்குத் தெரியுந்தானே. வெருட்டத் தேவையில்லை. கேட்டாக் காணும். வவுனியாவில கொம்பனி கூட்டம் வைச்சு, மற்ற ஆக்களுக்கும் படிப்பியும் எண்டு என்னைக் கூப்பிட்டவை. படிப்பிச்சனான். கை தட்டினவை. பெருமையாத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டன்.

தேத்தண்ணி வைக்காதேங்கோ. இருந்து கேளுங்கோ.

என்ர தம்பி செந்தூரன் அக்கராயனில கமம் செய்யிறவன். அவனிட்டையும் அதே மெசின்தான். நான்தான் எடுத்துக் குடுத்தது. உங்கட பதிவு இருந்திருந்தால் கண்டிருப்பான், எந்த நேரமும் போனும் கையுமா இருக்கிற பெடியன். போன திங்கள் வயலுக்கை வெடிச்சது. கிளிநொச்சியில வைச்சிருக்க ஏலாதெண்டு யாழ்ப்பாணம் கொண்டு போயிட்டினம். இன்னும் கண் முழிக்கேல்லை. ஓம், எனக்கு வேணும். நீங்கள் வாயால சொல்லாட்டிலும் விளங்குது. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கொண்டு போவன்.

ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து நானே எழுதினன், கொம்பனியின்ர பக்கத்தில, என்ர பேரைப் போட்டு. கும்பிடுற கை வந்திட்டுது. நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு ஆளும் வந்திட்டார். வவுனியாக் கந்தோர், முன்னப்பின்னத் தெரியாத மனிசன். நல்ல அமைதியான ஆள். முழுப் பேர் எண்டு தொடங்கினார். என்ர கேள்வியள்தான், வரிசை கூட மாறேல்லை. அது வெறும் வாய்க்கதை எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? தெரிஞ்சும் எழும்பி நிண்டு பதில் சொல்லுறன். கேக்காததையும் சொல்லுறன். மனிசி குசினி வாசல்ல நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. அந்தாள் வெளிக்கிட முதலே பதிவை அழிச்சுப்போட்டன். வெக்கங்கெட்ட சீவியம்.

கடைசியா ஒண்டு கேட்டார், அது நான் படிப்பிக்காத கேள்வி. வெடிச்ச மெசின் வேற ஆரிட்டையும் கிடக்கோ எண்டு. மற்ற வீடுகளில புதுசைக் குடுத்துப் பழசை எடுத்தாச்சு. செந்தூரன்ர வயலில கிடந்ததையும் அண்டைக்கே ஏத்திக்கொண்டு போயிட்டினம். நீங்கள்தான், உங்கட புது மெசின் எனக்கு வேண்டாம் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினனீங்கள்.

உங்கட பேரைச் சொல்லிப்போட்டன் தங்கச்சி. ஒழுங்கையையும் சொன்னனான்.

நாளைக்கு வருவினம், இல்லாட்டி நாளையிண்டைக்கு. அழாதேங்கோ, கேளுங்கோ. அந்த மெசினை இண்டைக்கே இந்த வளவால எடுங்கோ. ஆரிட்டையாவது குடுத்து வையுங்கோ. அண்ணைக்கும் என்ர தம்பிக்கும் நடந்ததைக் காட்டுறதுக்கு அதைவிட்டால் ஒண்டும் இல்லை. அதுவும் போனால், இனி எரியப்போறவனுக்கு ஆர் சொல்லுறது?

பொறுங்கோ, பொறுங்கோ, எங்க வைக்கப் போறியள் எண்டு என்னட்டைச் சொல்லாதேங்கோ. கேட்டினம் எண்டால் நான் சொல்லிப்போடுவன்.